இரண்டு கோடி டாலர் கிரயம்

கேள்வி: ஸ்பெயினிடமிருந்து பிலிப்பைன்ஸை விடுவித்தது அமெரிக்காதானே?

பதில்: பூட்டை உடைத்தவரே சாவியை இடுப்பில் செருகிக்கொண்டால் அது விடுதலையா? 1898 ஜூன் 12-ல் பிலிப்பைன்ஸ் புரட்சித் தலைவர் அகினால்டோ சுதந்திரத்தை அறிவித்துவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில், பாரிஸில் ஸ்பெயினும் அமெரிக்காவும் பிலிப்பைன்ஸை 2 கோடி டாலருக்குக் கிரயம் பேசி முடித்தன. பிலிப்பைன்ஸ் தூதர் அகொன்சில்யோவுக்கு அங்கே நாற்காலிகூட இல்லை. வீட்டுக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு, புகுந்தவர் எழுதிக்கொடுத்த பத்திரம் அது! 1899 பிப்ரவரியில் அமெரிக்காவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போர் வெடித்தது. குண்டுக்கும் பசிக்கும் காலராவுக்கும் மாண்டவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். 1946 ஜூலை 4-ல், தன் சுதந்திர நாளிலேயே அமெரிக்கா பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் சுதந்திரம் கொடுத்தது. 1962-ல் அவர்கள் சுதந்திர தினத்தை ஜூன் 12-க்கே மாற்றிக்கொண்டார்கள். அடுத்தவர் கொடுத்த தேதியில் யாராவது பிறந்தநாள் கொண்டாடுவார்களா?