மைனஸ் போக ஒரு பட்டம்

நாமக்கல்லில் முட்டைக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிப்பது, பேப்பரில் வரும். இன்னொன்று, வியாபாரி பண்ணை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொல்வது, பேப்பரில் வராது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் பள்ளத்துக்கு எங்கள் பக்கம் 'மைனஸ்' என்று பெயர். விவரம் தெரிந்தவர்கள் "இன்னைக்கு ரேட்டு என்னங்க?" என்பதோடு நிறுத்த மாட்டார்கள். "மைனஸ் எவ்வளவுங்க?" என்றும் கேட்பார்கள். நான் வாங்கிய பட்டமும் அப்படித்தான். கல்லூரி வாசல் பேனரில் ஒரு விலை, ஊருக்குள் ஒரு விலை.

பட்டத்தின் பெயர் பி.பி.ஏ., சி.ஏ. பாதி நிர்வாகவியல், பாதி கம்ப்யூட்டர். நான் சேர்ந்தது 2010-ல். கேட்டவர்களுக்கெல்லாம் இன்ஜினியரிங் சீட் கிடைத்த காலம் அது. அப்படியும் வேறு படிப்புக்குப் போன பிள்ளைகளை ஊர் கொஞ்சம் கவலையோடுதான் பார்த்தது. அப்பா கவலைப்படவில்லை. கல்லூரி பஸ் எங்கள் கோழிப்பண்ணை முக்கு வரைக்கும் வந்தது. பாடத்திட்டத்தில் அவர் பார்த்த ஒரே அம்சம் அதுதான்.

சி.ஏ. என்பது 'கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ்' என்பதை ஊருக்கு விளங்கவைக்க மூன்று வருடமும் போதவில்லை. சேர்ந்த சில மாதத்திலேயே பெரியப்பா ஒரு மஞ்சப்பையோடு வீட்டுக்கு வந்தார். உள்ளே வருமானவரி நோட்டீஸ். "நம்ம புள்ளயே ஆடிட்டருக்குப் படிக்கறப்ப வெளியாளுக்கு எதுக்குக் காசு கொடுக்கோணும்?" என்றார். நான் அப்போது படித்துக்கொண்டிருந்தது மவுஸை எப்படிப் பிடிப்பது என்ற பாடம். சொன்னேன். அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து, பையை வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வட்டாரத்தில் 1997 ஒரு விசேஷமான வருடம். ஜனவரியில் சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. செப்டம்பரில் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தொடங்கியது. சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரிக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. கலெக்டர் ஆபீஸ் பிரிந்தாலும் அரியர் பிரியவில்லை.

முதல் பருவத்தில் ஹென்றி ஃபயோல் வந்தார். பிரான்ஸ் நாட்டுச் சுரங்க இன்ஜினியர். 1916-ல் நிர்வாகத்துக்குப் பதினான்கு கொள்கைகளை எழுதிவைத்துவிட்டுப் போக, அவற்றை வரிசை மாறாமல் ஒப்பிக்கும் பொறுப்பு நாமக்கல் மாவட்டத்துப் பெண்களின் தலையில் விழுந்தது. அதில் ஒன்று, ஒரு தொழிலாளி ஒரே ஒரு மேலாளரிடம் மட்டுமே உத்தரவு வாங்க வேண்டும் என்பது. எங்கள் பண்ணையில் முட்டை பொறுக்கும் ஆளுக்கு அப்பா ஒரு வேலை சொல்வார். அதை அம்மா மாற்றுவார். அப்பத்தா கட்டிலில் இருந்தபடி இரண்டையும் ரத்து செய்வார். கடைசியில் கோழி டாக்டர் வந்து, "மொதல்ல ஷெட்டுக்குத் தண்ணி தெளிங்க" என்பார். நான்கு மேலாளர்களுக்குக் கீழ் அந்த ஆள் வருடக்கணக்காகச் சந்தோஷமாக வேலை பார்த்தார். ஃபயோலுக்கு அப்பத்தா வாய்க்கவில்லை.

சரக்கு மேலாண்மையில் ஜப்பானின் டொயோட்டா வந்தது. தேவைப்படும்போது, தேவைப்படும் அளவுக்கு மட்டும் தயாரிக்க வேண்டுமாம். கார் கம்பெனிக்குச் சரி. புரட்டாசி பிறந்ததும் தமிழ்நாட்டில் பாதிப் பேர் அசைவத்தை விடுகிறார்கள். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் கார்த்திகை வந்துவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்டதும் கேரளத்திலும் விற்பனை இறங்கும். "சந்தை மந்தமா இருக்குது, ஒரு மாசம் லீவு எடுத்துக்கங்க" என்று கோழியிடம் சொல்லிப் பார்க்கலாம். அது கேட்டுக்கொண்டே ஒரு முட்டை இடும். லைனை நிறுத்த முடியாத ஃபேக்டரிக்கு என்ன மேலாண்மை என்று புத்தகத்தில் தேடினேன். அந்த அத்தியாயத்தை யாரும் எழுதவில்லை.

விலை நிர்ணயப் பாடத்திலும் இதே கதை. தேவையும் அளிப்பும் இரண்டு கோடுகளாக வந்து அழகாக ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்ளும். எங்கள் ஊரிலோ இடைத்தரகர் சொல்வதே விலையாக இருந்த நிலையை மாற்ற, கோழிப்பண்ணைத் தொழிலில் இருந்த பி.வி. ராவ் முன்னின்று பண்ணையாளர்களைத் திரட்டி, 1982-ல் முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை உண்டாக்கினார். விலையை நாமே சொல்வோம் என்பது எவ்வளவு பெரிய நிர்வாகப் புரட்சி! அதற்கும் மைனஸ் கண்டுபிடித்த மூளை எவ்வளவு பெரிய மூளை! இரண்டு பக்கமும் நம் ஆட்கள். இரண்டுமே தேர்வுக்கு வரவில்லை. வந்தது அமெரிக்க சோப்புக் கம்பெனி.

இனி கம்ப்யூட்டர் பாதி. 2012-ல் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த வருடம் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டில் மின்வெட்டு மணிக்கணக்கில் இருந்தது. எங்கள் லேப் நேரமும் மின்வெட்டு நேரமும் நிச்சயிக்கப்பட்ட ஜோடி மாதிரி ஒன்றாகவே வரும். மேடம் சளைக்கவில்லை. டேலி கணக்கு சாஃப்ட்வேரின் திரையைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்தார். எஃப் 4 கான்ட்ரா, எஃப் 5 பேமென்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல். "இப்ப என்டர் தட்டுங்க" என்பார். நாங்கள் பெஞ்சைத் தட்டுவோம். உலகத்திலேயே மின்சாரம் இல்லாமல் கம்ப்யூட்டர் படித்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். ஒரு நன்மையும் இருந்தது: எங்கள் கரும்பலகை ஒரு தடவைகூட ஹேங் ஆகவில்லை.

கரண்ட் இருந்த நாட்களில் விஷுவல் பேசிக் 6. அது பிறந்தது 1998-ல். 2008-ல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது. பெற்றவர்களே கைவிட்ட பிள்ளையை நாங்கள் எடுத்து வளர்த்தோம். அதில் ஒரு கால்குலேட்டர் செய்தோம். கூட்டும், கழிக்கும். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் படுத்துக்கொள்ளும். ஸ்டேஷனரிக் கடையில் சட்டைப் பையில் போடுகிற சைஸில் கிடைக்கும் அந்தப் பொருளைச் செய்ய, எங்களுக்கு ஒரு அறை நிறையக் கம்ப்யூட்டரும் ஒரு பருவமும் தேவைப்பட்டன.

கடைசி வருடம் புராஜெக்ட். தலைப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்: வாடிக்கையாளர் திருப்தி குறித்த ஓர் ஆய்வு. பொருளும் ஊரும் மட்டும் மாறும். ரெடிமேடாகச் செய்துகொடுக்கக் கடைகள் இருந்தன. பேர் மாற்றி, பைண்டிங் போட்டு, தங்க எழுத்தோடு தருவார்கள். என் தோழி ஒருத்தி ராசிபுரத்து டூ வீலர் வாடிக்கையாளர்களை ஆராய்ந்திருந்தாள். உள்ளே பார்த்தால் அத்தனை பேரும் கோயம்புத்தூர் காந்திபுரத்திலும் ஆர்.எஸ்.புரத்திலும் குடியிருந்தார்கள். வைவாவுக்கு வந்தவர் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. வாடிக்கையாளர்களுக்குத் திருப்தியா என்று மட்டும் கேட்டார். திருப்திதான் என்றாள். பாஸ்.

பட்டம் வாங்கியதும் அதன் சந்தை விலை தெரிந்தது. வரன் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு சி.ஏ.ங்களா!" என்று ஒரு விலை சொன்னார்கள். விளக்கிய பிறகு மைனஸ் போட்டார்கள். சங்ககிரியில் ஒரு லாரிக் குடும்பம் மட்டும், "எதுவா இருந்தா என்னங்க, கணக்கு எழுதினாப் போதும்" என்றது. முடிந்தது கல்யாணம்.

அங்கே போனால், என் கணக்கு தேவையே படவில்லை. மாமாவிடம் வண்டிக்கு ஒரு சிட்டை நோட்டு இருந்தது. எந்த டயர் எப்போது போட்டது, எந்த டிரைவருக்கு எவ்வளவு அட்வான்ஸ், ஃபைனான்ஸ் தவணை எத்தனை பாக்கி, எஃப்.சி. எந்தத் தேதி, எல்லாம் அதில். மீதி அவர் தலையில். வடக்கே போன வண்டி காலியாகத் திரும்பினால் நட்டம் என்பதால், வண்டி சரக்கை இறக்கும் முன்பே ரிட்டர்ன் லோடுக்குப் பத்து போன் போட்டிருப்பார். "போற லோடு டீசலுக்கு, வர்ற லோடுதான் ஊட்டுக்கு" என்பார். சரியான தகவல், சரியான ஆளுக்கு, சரியான நேரத்தில் என்று நான் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம் தாளில் பக்கம் பக்கமாக எழுதியதை, பட்டன் போன் ஒன்றை வைத்துக்கொண்டு நடத்திக்கொண்டிருந்தார். டேலியில் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க அம்மணி?" என்றார். அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் நான் கல்லூரியில் படித்திருந்தேன். ஆனால் சாக்பீஸ் கையில் இல்லை.

2017 ஜூலை 1 வந்தது. ஜி.எஸ்.டி. அடுத்த ஏப்ரலில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் அந்தச் சீட்டு இருந்தாக வேண்டும். அது சிட்டை நோட்டில் விளையாது, போர்ட்டலில்தான் விளையும். ஒரு நாள் நடுராத்திரி டிரைவர் போன். "அக்கா, வண்டி தொப்பூர்ல நின்னுபோச்சுங்க. லோடை வேற வண்டிக்கு மாத்தறோம்." வேறு வண்டி என்றால் பில்லில் வண்டி நம்பரை மாற்ற வேண்டும். மாமா விளக்கைப் போட்டார். வீடே எழுந்து என் பின்னால் நின்றது. லேப்டாப்பில் நம்பரை அடித்து, மாற்றி, டிரைவரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். அத்தை பால் காய்ச்சிக் கொடுத்தார். மறுநாள் பக்கத்து லாரிக்காரரிடம் மாமா சொன்னதை நானே கேட்டேன்: "எங்க மருமக ஆடிட்டருங்க." இந்தத் தடவை நான் திருத்தவில்லை.

அன்றிலிருந்து பி.பி.ஏ., சி.ஏ.வுக்கு எங்கள் வட்டாரத்தில் மைனஸ் குறைந்துவிட்டது. சேகோ ஃபேக்டரி, விசைத்தறிக் கூடம், ரிக் வண்டி ஆபீஸ் என்று எங்கே போனாலும் ஒரு மேசையில் எங்கள் ஆள் ஒருத்தி ரிட்டர்ன் போட்டுக்கொண்டிருப்பாள். ஃபயோல் அவளுக்கு வேலை வாங்கித் தரவில்லை. அரசாங்கம் வாங்கித் தந்தது.

2024-25 முதல் பி.பி.ஏ. படிப்பும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் கீழ் வந்திருக்கிறது. பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: ஃபயோல் இருக்கட்டும், பாவம், வயதானவர். அவர் பக்கத்தில் முட்டைக்கும் லாரிக்கும் ஆளுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள். இனி சேரப்போகிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். புராஜெக்டைக் கடையில் வாங்காதீர்கள். சங்ககிரியிலோ நாமக்கல்லிலோ ஏதாவது ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் போய் ஒரு வாரம் உட்காருங்கள். யாரும் கட்டணம் கேட்க மாட்டார்கள்; டீயும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.