இரண்டாம் பாகவியல்: மகாராஜபுரம் டீக்கடை மரபை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக்களம்

வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ளது மகாராஜபுரம். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் தாணிப்பாறைக்கு இந்தப் பக்கமாகப் போவார்கள். மலை ஏறுகிறவர் தேடுவது முக்தி. அடிவாரத்து டீக்கடை பெஞ்சில் இருப்பவரோ தேடாமலே கண்டடைந்தது, இரண்டாம் பாகத்தின் தத்துவம். இக்கட்டுரை பின்னவரைப் பற்றியது.

முன்னோர் ஆய்வு

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் நகையை முதலில் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிடத்தில் அது பிறக்கும் என்றார். எங்கே பிறக்காது என்பதை அவர் சொல்லவில்லை. அவர் காலத்தில் இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கம் இல்லாமையே காரணம் என்க. அக்குறையை நீக்க மூன்று சூத்திரங்கள்:

சூத்திரம் 1: முதல் பாகம் போல் இரண்டாவது வாராது

உரை: இத்தீர்ப்புக்குப் படம் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. காட்டு:

“மாமா, படம் பாத்துட்டீகளா?”

“இல்ல மாப்ள. ஆனா மொதப் பார்ட் மாதிரி வராது.”

“பாக்காம எப்படிச் சொல்றீக?”

“அதான் ரெண்டுன்னு போட்டிருக்கான்ல.”

அஃதேல், ‘முனி’யின் (2007) இரண்டாம் பாகமான ‘காஞ்சனா’ (2011) முதலாவதைவிடப் பெரிதாக ஓடியதே எனின், அற்றன்று. அப்படி ஓடியதுமே ஊர் ஒன்றுகூடாமலே கூடி, காஞ்சனாவை முதல் பாகம் ஆக்கிவிட்டது. 2015இல் வந்த மூன்றாவது படம் ‘காஞ்சனா 2’ என்றே பெயர் பெற்றதைக் காண்க. ஜெயித்த இரண்டாம் பாகத்துக்குப் பதவி உயர்வு உண்டு. சூத்திரம் பிழைத்தது.

புறனடை: ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’யின் இரண்டாம் பாகமான ‘24ஆம் புலிகேசி’யை இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை. அறிவிக்கப்பட்டுப் பாதியில் நின்றுபோனதே அதன் சிறப்பு.

சூத்திரம் 2: முதல் பாகம் தியேட்டரில் பிறந்து டிவியில் வளரும்

உரை: 2006ஆம் ஆண்டு ஆய்வாளர் கவனத்துக்குரியது. ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’ வந்ததும், ‘தலைநகரம்’ படத்தில் வடிவேலு நாய் சேகராக வந்ததும், கலைஞர் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியதும் அந்த ஒரே ஆண்டில். பின்னர் ஆதித்யா, சிரிப்பொலி எனச் சிரிப்புக்கென்றே சேனல்கள் வந்தன. மதியச் சாப்பாட்டுக்குத் தட்டை வைத்ததும் வடிவேலு வருவார். ரசம் ஊற்றும்போது அடி வாங்குவார். அடுத்த வசனம் என்னவென்று தெரிந்ததால்தான் சிரிப்பு வந்தது. ‘மொதப் பார்ட்’ என்று ஊர் சொல்வது தியேட்டரில் ஓடிய அந்த இரண்டரை மணி நேரத்தை அல்ல, பதினைந்து வருஷத்து மதியச் சாப்பாட்டை.

2022 டிசம்பரில் ‘நாய் சேகர் ரிட்டர்ன்ஸ்’ இதனோடுதான் மோதியது. நாயகன் நாய் கடத்துகிறவன். ராஜபாளையம் நாய்க்குப் பேர்போன வட்டாரத்தில் விமர்சனம் வேறு திசையில் போனது. “வடிவேலு பழைய வடிவேலா?” என்று கேட்டால், “அத விடுங்கண்ணே, அந்த நாயி என்ன சாதி?” என்று பதில் வந்தது. படத்துக்குக் கிடைத்த மிகக் கூர்மையான விமர்சனம் இதுவே என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

சூத்திரம் 3: சினிமாவைப் பார்க்காமல் திட்டுவர், சீரியலைத் திட்டிக்கொண்டே பார்ப்பர்

உரை: ‘எதிர்நீச்சல்’ (2022) ஆதி குணசேகரனைத் திட்டாத திண்ணை இல்லை. “இந்தாம்மா, ஏய்!” என்று டிவியில் குரல் எழுந்தால், “கட்டையில போறவன் வந்துட்டான்” என்றபடியே சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். 2023 செப்டம்பர் 8இல், அதே தொடரின் டப்பிங்கின்போது நெஞ்சுவலி கண்டு, குணசேகரனாக நடித்த மாரிமுத்து மறைந்தார். திட்டிய வாய்களே, “நம்ம வீட்டு மனுசன் போன மாதிரி இருக்கு மதினி” என்றன. அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். ஊர் அவரை ஒரு வாரம் உற்றுப் பார்த்துவிட்டு, முதல் சூத்திரத்தை ஆளுக்கும் பொருத்தியது: “அந்தாளு மாதிரி வராது.” சொல்லிவிட்டு, மறுநாளும் அதே நேரத்துக்கு டிவி முன் உட்கார்ந்தது. 2024 ஜூனில் முடிந்த தொடர், அவ்வாண்டு டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று திரும்பி வந்தபோதும் உட்கார்ந்தது.

ஆக, தமிழ் ரசிகரின் வசை என்பது வருகைப் பதிவேடு. திட்டு நின்றால்தான் தயாரிப்பாளர் பயப்பட வேண்டும்.

முடிவும் பரிந்துரையும்

‘அரண்மனை’ 2014இல் வந்தது. 2016இல் இரண்டு வந்தபோது “ஒண்ணு தேவல” என்றனர். 2021இல் மூன்று வந்தபோது “ரெண்டே தேவல” என்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் இரண்டாவது படம் டிவியில் குளித்து, தலை துவட்டி, நல்ல படமாகிவிட்டது. நான்கு (2024) வசூலில் நன்றாகப் போனதால், அதைப் பதவி உயர்த்துவதா வேண்டாமா என்று பெஞ்சு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

எனவே இரண்டாம் பாகம் எடுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட தயாரிப்பாளர்களுக்கு இவ்வாய்வின் பரிந்துரை ஒன்றே: மனம் தளராமல் மூன்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டு தானாகத் தேறிவிடும்.