தாமதவியல் பேராசிரியருக்கு ஒரு பொன்னாடை

திருநெல்வேலியில் திருச்செந்தூர் பஸ் ஏறி, ஸ்ரீவைகுண்டம் வருவதற்கு முன்னால் இறங்கினால் ஆதிச்சநல்லூர். தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கர் பரம்பு, பழங்காலத்து இடுகாடு. அந்தப் பரம்பின் மேல் கற்பனையாக ஒரு விஞ்ஞானியை உட்கார்த்தி வைத்திருக்கிறேன். அவருடைய துறை தாமதவியல். தோண்டி எடுத்ததைப் பற்றி எத்தனை வருஷம் எழுதாமல் இருக்கலாம் என்பது ஆராய்ச்சி.

கிறுக்கு என்று சிரிக்காதீர்கள். ஆள்தான் கற்பனை, சரக்கு முழுக்க நிஜம்.

1876இல் வந்து தோண்டிய ஜெர்மானியர் யாகோரைப் பேராசிரியர் கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் பொருளையே பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். 1915இல் பட்டியல் போட்டு அச்சிட்டும் விட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் பத்தே வருஷம்! "அவசரக்குடுக்கை" என்று முகம் சுளிக்கிறார் பேராசிரியர்.

அவர் கொண்டாடும் ஆண்டு 2004. மத்தியத் தொல்லியல் துறை அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் தோண்டி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகளைக் கண்டது. பத்து வருஷம் தாண்டியும் முழு அறிக்கை வரவில்லை. அதிகாரிகள் மாறினார்கள், தாழிக்குள் இருந்தவர்கள் மட்டும் இடம் மாறாமல் காத்திருந்தார்கள். எழுத்தாளர் முத்தாலங்குறிச்சி காமராசு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2019இல்தான் இரண்டு மாதிரிகளின் வயது வெளியே வந்தது: கி.மு. 905, கி.மு. 696. மண்ணுக்குள் இரண்டாயிரத்து எழுநூறு வருஷத்துக்கு மேல் கிடந்ததற்கு வயது சொல்ல ஒரு வழக்கு வேண்டியிருந்தது.

கீழடியில் தோண்டிய அதே மத்தியத் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணா விஷயம் புரியாதவர். 2023 ஜனவரியில் 982 பக்க அறிக்கை எழுதிக் கொடுத்தே விட்டார். 2025 மே மாதம் 'திருத்தி எழுது' என்று அது திரும்பி வந்தது. ஜூனில் அவருக்கு இடமாற்றம். எழுதாவிட்டால் கேட்க நாதியில்லை; எழுதினால் பெட்டி கட்ட வேண்டும். பேராசிரியருக்கு இதைவிட நல்ல நிரூபணம் எங்கே கிடைக்கும்?

தாமிரபரணிக்கு வடக்கே சிவகளையில் மாநிலத் தொல்லியல் துறை எடுத்த தாழி நெல்லுக்கு, கி.மு. 1155 என்று 2021இலேயே சட்டமன்றத்தில் வயது சொல்லிவிட்டார்கள். ஆக, குறை மண்ணிலும் இல்லை, விஞ்ஞானத்திலும் இல்லை.

பேராசிரியருக்குப் பொன்னாடை போர்த்தத்தான் வந்தேன். கை வரவில்லை. எங்கள் பக்கம் எவ்வளவு இல்லாதப்பட்ட வீடாக இருந்தாலும், செத்தவருக்குப் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிடுவார்கள். உறங்கிக் கிடந்த பாட்டனையும் பாட்டியையும் கிளறி எடுத்துப்போட்டுவிட்டு, அவர்கள் யார் என்று நாலு வரி சொல்லாமல் இருந்தீர்களே, உங்கள் வீட்டுச் சாவுக்கும் இப்படித்தான் கோப்பு போடுவீர்களா?