கம்பியில் பறந்த அண்ணாச்சி

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, 'இன்னைக்குக் காத்து நல்லா வீசுது' என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. ஓரத்து பெஞ்சில் தினத்தந்தியை விரித்து வைத்திருக்கும் அண்ணாச்சி பேப்பரை மெதுவாக மடிப்பார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைப்பார். "இதெல்லாம் ஒரு காத்தா மாப்ளே?" என்பார். அவ்வளவுதான். அடுத்த முக்கால் மணி நேரத்துக்கு நீங்கள் ராஜபாளையத்தில் இல்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், ஜெபல் ஜைஸ் மலைமேல், ஜிப்லைன் கம்பியில் பாய, இடுப்பிலும் தொடையிலும் வாரைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள்.

காத்து என்றுதான் இல்லை. உயரம், வேகம், கயிறு, பெல்ட் என்று எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டும் அவரால் அங்கே போய்ச் சேர முடியும். மின்வாரியத்துக்காரர் பாவம், தெருமுனைக் கம்பத்தில் ஏறி வேலை பார்த்துக்கொண்டிருப்பார். கீழே நின்று, "தம்பி, கொக்கிய லாக் பண்ணிட்டீங்களா? ரெண்டு தடவ செக் பண்ணணும்" என்று குரல் கொடுப்பது நம் அண்ணாச்சியாகத்தான் இருக்கும்.

இந்த வகை அண்ணாச்சிகள் முன்பு கிடையாது. அப்போது இருந்தவர்கள் காசி அண்ணாச்சிகளும் சிங்கப்பூர் அண்ணாச்சிகளும். காசிக்குப் போனவர் கத்திரிக்காயை விட்டுவிட்டு வந்தார். சிங்கப்பூர் போனவர் கோடாலித் தைலத்தை வாங்கிவந்தார். இரண்டாலும் ஊருக்குப் பெரிய தொந்தரவு இல்லை. கம்பி அண்ணாச்சிகள் பிள்ளைகளின் விசிட் விசாவில் உருவான புது இனம். கொஞ்சம் வசதி குறைந்தவர்கள் கேரளத்து வாகமண்ணில் பறந்துவிட்டு வந்து அதே கதையைச் சின்ன அளவில் சொல்வார்கள். அவர்களை துபாய் போய்வந்தவர் ஒரு கையசைப்பில் ஒதுக்கிவிடுவார்.

ஆள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர். சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் வைத்திருந்து பெரியவன் கையில் ஒப்படைத்தவராக இருப்பார். இல்லையென்றால் ஏதோ ஒரு மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவராக இருப்பார். எப்படியானாலும் வாழ்நாள் முழுக்க அடுத்தவருக்கு உத்தரவு போட்டே பழகியவர். சின்னவன் துபாயில். மதினியின் பெட்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஐந்து கிலோ. அது 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு என்பதை விமான நிலையத்தில் கேட்டால் சொல்வதற்காக அண்ணாச்சி மனப்பாடம் செய்து வைத்திருப்பார். யாரும் கேட்க மாட்டார்கள். அதில் அவருக்கு ஒரு வருத்தம்.

முதல் வாரம் புர்ஜ் கலீஃபா. இரண்டாம் வாரம் மால். மூன்றாம் வாரம் அதே மால். பால்கனியில் வேட்டி காயப்போடக் கூடாது என்று கட்டடக் காவலாளி வந்து சொன்ன அன்றைக்கு அண்ணாச்சியின் முகம் விழுந்துவிடும். பையனுக்குத் தாங்காது. மருமகள்தான் யோசனை சொல்வாள்: "மாமாவை மலைக்குக் கூட்டிட்டுப் போவோம்ங்க. ஊர் ஞாபகம் கொஞ்சம் ஆறும்."

மலை என்றால் நம் மலை மாதிரி நினைத்துவிடாதீர்கள். ராஸ் அல் கைமாவின் கடற்கரையை விட்டு உள்ளே திரும்பினால் வளைந்து வளைந்து ஒரு சாலை ஏறும். இருபுறமும் பழுப்புப் பாறை, பச்சை என்று சொல்ல அங்கொரு செடி இங்கொரு செடி. 1,934 மீட்டர் உயரம். அங்கேதான் 2,831.88 மீட்டருக்கு ஒரே வீச்சாக உருக்குக் கம்பியைக் கட்டி 2018இல் திறந்தார்கள். அதுவரை போர்ட்டோ ரிக்கோ தீவின் டோரோ வெர்டே பூங்காவிலிருந்த 2.2 கிலோமீட்டர் கம்பிதான் உலகில் நீளமானது. அதை முந்திக்கொண்டு இது கின்னஸில் ஏறியது. வேடிக்கை என்னவென்றால், ஜெபல் ஜைஸ் கம்பியைக் கட்டி நடத்த வந்தவர்களும் அதே டோரோ வெர்டே ஆட்கள்தான். தங்கள் சாதனையைத் தாங்களே முறியடித்துச் சம்பளமும் வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணாச்சிக்கு மீட்டர் கணக்கு மனத்தில் நிற்காது. ஆண்டாள் கோயில் கோபுரம்தான் அவருக்கு அளவுகோல். 192 அடிக் கோபுரத்தைப் படுக்கப் போட்டு ஒன்றன்பின் ஒன்றாக நீட்டினால் நாற்பத்தெட்டு கோபுரம், கொஞ்சம் மிச்சம். டீ கிளாஸ் வைத்த ஈரத்தில் விரலைத் தொட்டு இந்த வகுத்தலை மேஜையிலேயே போட்டுக் காட்டுவார். நான் சரிபார்த்துவிட்டேன், கணக்கு சரி. அவர் சொல்வதில் நாளாக ஆகக் கூடாமல் இருப்பது அது ஒன்றுதான்.

பறப்பதற்கு முன் எடை பார்க்கிறார்கள். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். வீட்டு வாடகைப் பத்திரத்தில் ஒரு கமா இடம் மாறியதற்காக மூன்று நாள் வக்கீல் வீட்டுக்கு நடந்த மனிதர், எது நடந்தாலும் தன் பொறுப்பு என்று ஒப்புக்கொள்ளும் ஆங்கிலப் படிவத்தில், எந்த இடத்தில் போடணும் என்று மட்டும் கேட்டுக் கையெழுத்துப் போட்டார். சட்டைப்பையைக் காலி செய்யச் சொன்னார்கள். பேனா, சில்லறை, மூக்குப்பொடி டப்பா, கருப்பட்டி மிட்டாய் இரண்டு, மடித்து வைத்த விபூதிப் பொட்டலம் என்று தட்டில் ஒவ்வொன்றாக இறங்கின. விபூதிக்கு மட்டும் ஒரு விவாதம் நடந்தது. நெற்றியில் பூசிக்கொண்டு பொட்டலத்தை விட்டுவிடுவது என்று முடிவானது.

வழிகாட்டிப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நேபாளத்துக்காரன். படு என்றான், படுத்தார். கையைப் பின்னால் வை என்றான், வைத்தார். தலையைத் தூக்கு என்றான், தூக்கினார். கதை இந்த இடத்துக்கு வரும்போது மட்டும், வீட்டில் சொல்வதாக இருந்தால், மதினி அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பார்: "கல்யாணமாகி முப்பத்தாறு வருசத்துல சொன்ன உடனே இவுக ஒண்ணச் செஞ்சு நான் பாத்தது அன்னைக்குத்தான்."

டீக்கடைக் கதையில் அந்த நேபாளத்துப் பையன் வர மாட்டான். அங்கே அண்ணாச்சி தானே ஏறி, தானே கட்டி, தானே பாய்ந்தவர்.

குப்புறப் படுத்த வாக்கில், தலை முன்னாலும் கால் பின்னாலுமாகத்தான் அங்கே விடுகிறார்கள். மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் வேகம். மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து, பள்ளத்தாக்கின் மேல் அந்தரத்தில் தொங்கும் ஒரு மேடையில் பிடித்து நிறுத்துகிறார்கள். அங்கிருந்து வெளியே வர இன்னொரு கம்பி, சுமார் ஒரு கிலோமீட்டர். அதை அண்ணாச்சி கதையில் சேர்ப்பதில்லை. பெரிய சண்டைக்கு அப்புறம் சின்னச் சண்டை எதற்கு என்று நினைக்கிறார் போல.

"ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடலு. அந்தக் கடல்தாம்யா சுத்தி வந்து நம்ம தூத்துக்குடியில அடிக்குது. அம்புட்டையும் மேல இருந்து பாத்தேன்" என்பார். பையன் காசு கட்டி வாங்கிய வீடியோ மதினியின் ஃபோனில் இருக்கிறது. அதில் அண்ணாச்சியின் கண்கள் புறப்பட்ட இடத்தில் மூடி, நின்ற இடத்தில் திறக்கின்றன. கேட்டால், "தொறந்தா தூசி விழும்ல?" என்கிறார். காற்றின் இரைச்சலையும் மீறி ஒரே ஒரு சொல் கேட்கிறது: 'அய்யனாரப்பா'. அந்த 'பா' மட்டும் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் வருகிறது.

ஊர் திரும்பிய பிறகுதான் அண்ணாச்சி விஞ்ஞானி ஆகிறார். கம்பியில் கனமான ஆள் வேகமாகப் போவார், ஒல்லியான ஆளைக் காற்று தடுத்துவிடும் என்பது உண்மைதான். கீழே இழுக்கிற விசை எடையோடு ஏறுகிறது. எதிர்க்காற்று அதே அளவுக்கு ஏறுவதில்லை. இதை அவர் சர்க்கரை டாக்டரிடம் பயன்படுத்திவிட்டார். "எடையக் குறைங்கன்னு சொல்றீங்களே டாக்டர், குறைச்சா பாதிக் கம்பியில நின்னுருவேனே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொல்லைத் தென்னைமரம் வரை கம்பியை இழுத்துக் கட்டினார். பழைய கிணற்றுக் கப்பியை மாட்டி, அதில் மதினியின் மூன்றடுக்குத் தூக்குச்சட்டியைத் தொங்கவிட்டார். பேரப்பிள்ளைகளும் பக்கத்து வீட்டுக்காரர்களும் கீழே. முதல் முறை சட்டி காலியாகப் போய்ப் பாதியில் நின்றது. "பாத்தீங்களா, எடை பத்தல" என்றார். இரண்டாவது முறை மூன்று அடுக்கிலும் புழுங்கலரிசி. சட்டி அண்ணாச்சி சொன்னபடியே அடித்துப் பறந்தது. தென்னைமரத்தில் பிரேக் வைக்க மறந்துபோயிருந்தது. மரத்தடியில் படுத்திருந்த ராஜபாளையத்து நாய், வேட்டைக்குப் பேர்போன வம்சம், அன்று சாயங்காலம் வரை வீட்டுக்கு வரவில்லை. அரிசியைப் பொறுக்கியது மதினி.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் தேர்வடத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கிறார். "எத்தன டன் தாங்கும்னு எழுதிப் போட்டிருக்கணும்ல" என்கிறார். ஆனால் அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர் திரும்பி வருவது டிவிஎஸ் எக்ஸ்எல்லில், ஹெல்மெட் இல்லாமல். போலீஸ்காரர் நிறுத்தினால், தான் ஹெல்மெட் போட்டுப் பறந்த மலையின் படத்தை ஃபோனில் எடுத்துக் காட்டுவார்.

இந்த அண்ணாச்சிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சம்பந்தி உண்டு. ஆடி அமாவாசை வந்தால் தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறி, சுந்தரமகாலிங்கத்தைக் கும்பிட்டு இறங்குகிறவர். கையில் ஒரு கம்பு, தோளில் ஒரு துண்டு. ஜெபல் ஜைஸ் கதையை அவர் எத்தனையோ தடவை முழுசாகக் கேட்டிருக்கிறார். "சதுரகிரி எப்படி சம்பந்தி?" என்று மரியாதைக்காக ஒருநாள் அண்ணாச்சி திருப்பிக் கேட்டார். "எறங்கும்போதுதான் முட்டி வலிக்கும்" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

அண்ணாச்சியின் மொட்டைமாடியில் மேற்கே பார்த்து நின்றால் மலைதான் தெரியும். அந்தத் தொடரில் 2,000 மீட்டரைத் தொடும் உயரங்கள் இருக்கின்றன. ஜெபல் ஜைஸைவிட அதிகம். அந்த மலைக்காடு 1988இல் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயம் ஆனது. 2021இல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள், நாட்டின் 51ஆவது. அண்ணாச்சி அதில் பார்த்திருப்பது முடங்கியாற்றை ஒட்டிப் போய் அய்யனார் கோயில் வரைக்கும். அதுவும் தண்ணீர் வரும் மாதங்களில், எண்ணெய் தேய்த்துக்கொண்டு. செண்பகத்தோப்புக்குப் போனதே இல்லை. "அங்க என்ன இருக்கு, அணில்தான?" என்பார்.

அணில்தான். ஆனால் அது தரைக்கு இறங்குவது அபூர்வம். மரத்துக்கு மரம் தாவியே பிழைப்பதால், பக்கத்து மரத்தின் கிளைகள் வந்து தொடும் இடமாகப் பார்த்துத்தான் கூடு கட்டுகிறது. உடம்பைவிட நீண்ட வாலை வைத்துக்கொண்டு கிளைவிட்டுக் கிளை பாய்கிறது. அதற்குக் கம்பி கிடையாது, வார் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. கண்ணையும் மூடுவதில்லை. நடுவில் ஒரு வரிசை மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துபோகும் என்பது மட்டும்தான் அதன் கவலை.

அந்தக் காட்டுக்குள் முறையாக நடந்து போக வழி இருக்கிறது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேரைப் பறிகொடுத்தபிறகு மலையேற்றத்துக்குத் தமிழக அரசு கறாரான விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளைக் குறித்து, இணையத்தில் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம் என்று திறந்துவிட்டது. செண்பகத்தோப்புப் பாதையும் அதில் ஒன்று. வழிகாட்டிகளாக மலையடிவாரத்து ஆட்களையும் பழங்குடி இளைஞர்களையுமே பழக்கியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் என்றால் பளியர்கள். அண்ணாச்சியின் தாத்தா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்தக் காட்டை அறிந்தவர்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஓர் அண்ணாச்சி இருந்தால் அந்தப் பாதைக்கு ஒரு சீட்டுப் போட்டுவிடுங்கள். இங்கே ஒரு ஜிப்லைன் போடலாமே என்றுதான் முதலில் கேட்பார். புலிகளுக்கு இடைஞ்சல் என்று சொல்லிவிடுங்கள். பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை இரண்டு மாதம் மூடுவது வழக்கம், ஆகவே பொங்கலை ஒட்டிப் போய்வந்துவிடுவது நல்லது. மதினி பேரையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். நில் என்று வழிகாட்டி சொன்னபோது அண்ணாச்சி நின்றாரா என்பதற்கு ஒரு சாட்சி வேண்டும்.