காலாவதியான கார்டுக்காரனின் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியர்) கணக்கு வைத்திருக்கும் ஒருவன், ரூவி, மஸ்கட், ஓமன்.

பெறுநர்: உயர்திரு கிளை மேலாளர் அவர்கள், வெளிநாடுவாழ் இந்தியர் சேவைப் பிரிவு, பெயர் குறிப்பிட விரும்பாத வங்கி, தமிழ்நாடு.

பொருள்: காலாவதியான டெபிட் கார்டுக்குப் பதிலாகப் புதிய கார்டு வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: “தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று தாங்கள் அனுப்பிய மின்னஞ்சல்கள் அனைத்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

85.60 மில்லிமீட்டர் நீளமும் 53.98 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரு பிளாஸ்டிக் துண்டு பற்றி எழுதுகிறேன். எந்த நாட்டு ஏடிஎம்மிலும் நுழையட்டும் என்றுதான் உலகம் முழுவதும் அதற்கு ஒரே அளவு வைத்திருக்கிறார்கள். தங்கள் கிளையின் வாசல்தான் அதற்குத் தாண்ட முடியாததாக இருக்கிறது.

முதலில் நன்றி. பழைய கார்டு காலாவதியாகும் முன்பே, நான் கேட்காமலே, புதியதை அனுப்பிவிட்டீர்கள். அனுப்பியது ஊர் முகவரிக்கு. விசா நகல், ரெசிடென்ட் கார்டு நகல், மஸ்கட் முகவரி எல்லாம் வாங்கிப் பார்த்து, இவன் வெளிநாட்டில்தான் இருக்கிறான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே எனக்குக் கணக்கு தந்தீர்கள். கூரியர்க்காரர் போனபோது வீட்டில் அப்பா இருந்தார். உரியவர் கையில்தான் கொடுப்போம் என்று சொல்லி, “பெறுபவர் இல்லை” என்று எழுதித் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். வெளிநாட்டில் இருப்பவன் வீட்டில் இல்லை என்பதை இவ்வளவு செலவு செய்து கண்டுபிடித்ததற்குப் பாராட்டுகள். திரும்பி வந்த கார்டை விதிப்படி அழித்துவிட்டதாகவும் அறிந்தேன். அதில் தாமதம் ஏதும் நேரவில்லை.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். 1800-ல் தொடங்கும் இலவச எண் இங்கிருந்து கிடைக்காது என்பதால் காசு கொடுத்துத்தான் பேசினேன். நான் நான்தான் என்று நிரூபிக்க, கார்டின் கடைசி நான்கு எண்களையும் காலாவதி மாதத்தையும் கேட்டார்கள். சொன்னேன். “இது எக்ஸ்பயரி ஆன கார்டு சார், இதை வச்சு வெரிஃபை பண்ண முடியாது” என்று பதில் வந்தது.

சரி, ஓடிபி அனுப்புங்கள் என்றேன். அது இந்திய எண்ணுக்குத்தான் போகுமாம். பிரீபெய்டு எண்ணைத் தொண்ணூறு நாள் பயன்படுத்தாமல் விட்டால் துண்டிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. என் எண்ணும் அப்படித்தான் போயிற்று. எண்ணை மாற்ற வேண்டுமா? தங்கள் ஏடிஎம்முக்குப் போய்க் கார்டைச் செருக வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற நம் பழமொழியை ஒரு வங்கி நடைமுறையாகவே வகுத்துவிட்டதை இப்போதுதான் பார்க்கிறேன்.

தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று என் கடிதத்தை அப்பாவுக்கு அனுப்பி, கிளையில் கொடுக்கச் சொன்னேன். கவுன்ட்டரில் இருந்த பெண் ஊழியர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து ஒத்துப்போகலைங்க ஐயா. தம்பிய ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க” என்றாராம். அந்த ஒரு எட்டுக்கு முதலாளியிடம் லீவும், போக வர விமானச் சீட்டும் வேண்டும். சீட்டு எடுக்கக் கார்டு வேண்டும்.

இத்தனை கண்டிப்பும் என் பணத்தின் பாதுகாப்புக்கே என்பதை அறிவேன். புதிய கார்டு உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும், வெளிநாட்டில் வேண்டுமானால் வாடிக்கையாளரே இயக்கிக்கொள்ள வேண்டும் என்று 2020-ல் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல விதிதான். ஆனால் அதைத் தங்கள் செயலியில் இயக்கவும் அதே ஓடிபி வேண்டும். ஆக, கார்டு கைக்கு வந்தாலும் மஸ்கட்டில் வாய் திறக்காது. திருடன் நெருங்க முடியாத காவலைக் கேள்விப்பட்டிருக்கிறேன்; உடைமைக்காரனும் நெருங்க முடியாத காவல் தங்கள் சாதனை.

ஒரு வாசல் மட்டும் எப்போதும் திறந்தே இருக்கிறது. ரூவியில் பணமாற்று எக்ஸ்சேஞ்சில் ரியாலைக் கட்டினால் ரூபாயாகி என் கணக்கில் ஏறிவிடுகிறது. அப்போது நான் யார் என்ற சந்தேகம் தங்களுக்கு வருவதில்லை. இல்லாத கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒழுங்காகக் கழிந்திருக்கின்றன. அந்தப் பணத்தை எடுக்கத் தாங்கள் யாரிடமும் ஓடிபி கேட்கவில்லை.

ஆகவே, கீழ்க்காணும் மூன்றையும் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

ஒன்று: கார்டை அனுப்பும் முன் எந்த முகவரிக்கு என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மஸ்கட்டுக்கே கூரியரில் அனுப்புங்கள். அதற்கான கட்டணத்தைக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எடுப்பதில் தங்களுக்குப் பழக்கம் உண்டு.

இரண்டு: ஓடிபியை வெளிநாட்டு எண்ணுக்கும் அனுப்புங்கள். ஓமன் உள்ளிட்ட பத்து நாடுகளின் கைபேசி எண்களை வெளிநாடுவாழ் இந்தியரின் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியிலேயே வழி திறந்தாயிற்று. பணம் அனுப்பப் போதுமான எண், கார்டு கேட்கப் போதாதா?

மூன்று: வெளிநாடுவாழ் இந்தியரின் கேஒய்சி ஆவணங்களில் தூதரகமோ, நோட்டரியோ, இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளோ இடும் சான்றொப்பத்தை ரிசர்வ் வங்கி ஏற்கிறது. கணக்குக்கே போதுமான சான்று கார்டுக்கும் போதும் என்று தங்கள் கவுன்ட்டருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

முப்பது நாளுக்குள் தங்கள் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட எனக்கு உரிமை உண்டு. மின்னஞ்சலிலேயே முறையிடலாம், கட்டணமும் கிடையாது. அந்தக் கடிதத்தை எழுதிவைத்துவிட்டேன். தேதி மட்டும் போட வேண்டும்.

இப்படிக்கு,
கணக்கில் பணம் இருந்தும் கையில் கார்டு இல்லாமல் இருக்கும்
தங்கள் மதிப்புமிக்க வாடிக்கையாளன்.