தார் டின்னும் டீ சர்ட்டும்

எங்கள் கொங்குச் சீமையில் சண்டை போட்டாலும் மரியாதை குறையாது. "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா?" என்றுதான் வேலித் தகராறே தொடங்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் 2020 செப்டம்பரில் என் மகள்வழிப் பேரன் ஒரு கறுப்பு டீ சர்ட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். நெஞ்சில் கொட்டை எழுத்தில் 'இந்தி தெரியாது போடா'. என் மனைவி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இந்தி தெரியாட்டிப் போச்சாது. அதென்ன கண்ணு, போடா? வூட்டுக்கு வர்றவங்க பார்த்தா என்ன நெனப்பாங்க? போங்கன்னு போட்டா ஆகாதா?"

"போங்கன்னு போட்டா எவன் அம்முச்சி வாங்குவான்?"

அவன் சொன்னது வியாபார உண்மை. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கெழுதியே தலை நரைத்த எனக்கு மறுத்துப் பேச வழியில்லை. அந்த ஜூலையில் புதிய கல்விக் கொள்கை மும்மொழியோடு வந்திருந்தது. ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்ற கனிமொழியிடம் பாதுகாப்புப் படை அலுவலர் ஒருவர் "நீங்கள் இந்தியரா?" என்று கேட்டதாகப் பெரிய விவாதம் நடந்தது. அடுத்த மாதமே யுவன் சங்கர் ராஜா போன்ற சினிமாக்காரர்கள் வாசகம் போட்ட சட்டையோடு படம் வெளியிட, ஊரெல்லாம் அதே பேச்சு. திருப்பூருக்கு ஆர்டர் வந்தது. சில சட்டைகளில் 'ஹிந்தி', சில சட்டைகளில் 'இந்தி'. எங்கள் காலமாக இருந்திருந்தால் அந்த ஒற்றை 'ஹ'வுக்காகவே இரண்டு கூட்டம் போட்டுப் பேசியிருப்பார்கள்.

எங்கள் காலம் என்றால் 1965. நான் எஸ்.எஸ்.எல்.சி. மாணவன். அரசியல் சட்டம் போட்ட 15 ஆண்டுத் தவணை அந்த ஜனவரி 26 அன்று முடிந்தது. இனி இந்திதான் ஆட்சிமொழி. ஆங்கிலமும் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லியிருந்தது. அந்த 'லாம்' மீது இங்கே யாருக்கும் நம்பிக்கை இல்லை. அதற்கு முந்தைய ஆண்டே, 1964 ஜனவரி 25 அன்று, கீழப்பழுவூர் சின்னசாமி திருச்சியில் 'தமிழ் வாழ்க, இந்தி ஒழிக' என்று முழங்கித் தீக்குளித்திருந்தார். எங்கள் பள்ளிக்கூட மூளைக்கு எட்டிய போராட்டம் ஒரு டின் தார். ரயில்வே ஸ்டேஷன் பலகையில் மூன்று எழுத்துகள் இருந்தன. அவற்றில் இரண்டு எங்களுக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கத் தெரியாததில் தார் பூச வேண்டும். ஆக, 'இந்தி தெரியாது' என்பது அன்றைக்கு எங்களுக்கு முழக்கமாகத் தேவைப்படவில்லை. வேலைக்கு வேண்டிய தகுதியாகத்தான் இருந்தது.

டின்னைத் தூக்கிப் போனவன் நான். பூசியவர்கள் பெரிய பையன்கள். சட்டையில் ஒட்டிய தாரை என் அம்மா மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. போலீஸ் வீடு வீடாக வருகிறது என்று யாரோ சொல்ல, சட்டையைச் சுருட்டி வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். நல்ல சட்டை, பொங்கலுக்கு எடுத்தது. அம்மாவின் பயத்தில் நியாயம் இருந்தது. அந்த பிப்ரவரியில் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. எங்கள் திருப்பூரிலேயே போலீஸ்காரர்கள் இருவரைக் கும்பல் எரித்துக் கொன்றது. தமிழ்நாடு முழுவதும் செத்தவர்கள் அரசுக் கணக்கிலேயே சுமார் 70 பேர். தில்லியில் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அழகேசனும் மந்திரிப் பதவியை ராஜினாமா செய்ய, பிரதமர் சாஸ்திரி வானொலியில் வந்து உறுதிமொழி கொடுத்தார். இரண்டே ஆண்டில் இங்கே ஆட்சி மாறியது.

சட்டையில் அந்த வாசகத்தின் கறை இருந்தால் ஆபத்து என்று எரித்தவள் என் அம்மா. சட்டையில் அந்த வாசகம் இருக்க வேண்டும் என்பதற்காகவே காசு கொடுத்து வாங்கியவன் அவளுடைய கொள்ளுப்பேரன். இடையில் 55 ஆண்டுகள். ஒரு சொல்லைச் சொன்னதற்காக அடிக்க ஆள் இருக்கும்வரைதான் அது முழக்கம். அடிக்கிறவன் போய்விட்டால் அதற்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று சைஸ் வந்துவிடுகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பேரனை யாரும் அடிக்காமல் இருப்பதற்காகத்தான் அன்றைக்கு அத்தனை பேர் அடி வாங்கினார்கள் என்று வைத்துக்கொண்டால், டீ சர்ட்டுதான் வெற்றிச் சான்றிதழ். என்ன, சான்றிதழை வாஷிங் மெஷினில் போடுகிறார்கள்.

என் அப்பாரு காலத்தில் இதே ஊர்ப் போலீஸுக்குப் பிடிக்காத சொல் வேறு. 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலம் போன காங்கிரஸ் தொண்டர்களைப் போலீஸ் அடித்தது. கொடியை விடாமல் மண்டை உடைந்து விழுந்த குமரன் மறுநாள் இறந்தார். இன்று அவர் பெயரில் ரோடு இருக்கிறது, நினைவகம் இருக்கிறது. பஸ் டிக்கெட் கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குக் குமரன் ரோடு என்றால் ரோடு மட்டும்தான். அன்றைக்குத் தெருவில் 'வந்தே மாதரம்' சொன்னவனுக்கு லத்தி. அப்பாரு அதை 'வந்தே மாத்தரம்' என்பார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், "வெள்ளைக்காரனுக்குப் புடிக்காதுன்னு அர்த்தம்" என்று முடித்துவிடுவார். அதைவிடச் சரியான உரையை நான் இதுவரை படித்ததில்லை.

2017 ஜூலையில் அந்தச் சொல்லுக்கு வந்த வாழ்வைப் பார்க்க அப்பாரு இல்லை. ஆசிரியர் தேர்வு எழுதிய ஒருவர், வந்தே மாதரம் முதலில் எந்த மொழியில் எழுதப்பட்டது என்ற கேள்விக்கு வங்காளம் என்று விடை போட்டார், மதிப்பெண் தரவில்லை. அவர் சென்னை உயர் நீதிமன்றம் போனார். தீர்ப்பில், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறையாவது வந்தே மாதரம் பாட வேண்டும் என்று உத்தரவும் சேர்ந்து வந்தது, தகுந்த காரணம் இருப்பவர்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற விலக்கோடு. மார்க் கேட்டுப் போனவர் மாநிலத்துக்கே பாட்டு வாங்கிக் கொடுத்துவிட்டார். சொன்னால் அடி என்று இருந்த ஒன்று, சொல்லாவிட்டால் காரணம் காட்டு என்று ஆவதற்கு 85 ஆண்டு பிடித்திருக்கிறது.

இன்னொரு கோஷம் இருக்கிறது. இதை நான் கேட்டது கேட்டுக்கு உள்பக்கம் நின்று. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்குள் நானும் முதலாளியும் ஒரு வாட்ச்மேனும் ஓடாத மிஷின்களும். வெளியே செங்கொடியும் 'இன்குலாப் ஜிந்தாபாத்'தும். முன்வரிசையில் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தியவன், 1965இல் எனக்கு முன்னால் ஏணி ஏறிப் பலகையில் தார் பூசிய அதே ஆள். அப்போது பவர் டேபிள் டெய்லராக இருந்தான். டீக்கடையில் தனியாகப் பிடித்துக் கேட்டேன்: "ஏப்பா, இந்தி ஒழிகன்னு கத்துன அதே வாயில இன்குலாப் ஜிந்தாபாத்தா?" அவன் கொஞ்சமும் அசையவில்லை. "அது இந்தி இல்லீங்க, புரட்சி" என்றான்.

கணக்குப்படி அவன் சொன்னதும் சரிதான். 1921இல் மௌலானா ஹஸ்ரத் மோகானி உருதுவில் தந்த முழக்கம் அது. 1929இல் தில்லி சட்டசபையில் குண்டு வீசியபோது பகத் சிங் முழங்கி நாடு முழுக்கப் பரவியது. எங்கள் ஊர் வாயில் அது 'சிந்தாபாத்'. தினத்தந்தியில் கன்னித்தீவு படிக்கிற வீட்டுப் பிள்ளைகள், சிந்துபாத்துக்கும் சங்கத்துக்கும் ஏதோ உறவு என்று வெகுநாள் நம்பின.

அந்த முதலாளிக்குச் செங்கொடியைக் கண்டால் ரத்தக் கொதிப்பு ஏறும். கேட்டில் கட்டிய கொடியை இரவில் ஆள் வைத்து அவிழ்ப்பார், விடிந்ததும் கட்டியிருக்கும். தொண்ணூறுகளில் ஏற்றுமதி சூடு பிடித்தபோது அவருக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பையர் பெரிய ஆர்டர் கொடுத்தார். சிவப்பு டீ சர்ட், நடுவில் நட்சத்திரம் வைத்த தொப்பியும் தாடியுமாக ஒரு முகம். சேகுவேரா. ஆல்பர்ட்டோ கோர்டா 1960இல் ஹவானாவில் எடுத்த படம். எடுத்தவருக்கு அதிலிருந்து ராயல்டி வந்ததில்லை. எங்கள் முதலாளிக்குக் காசு வந்தது. சாம்பிளைத் தூக்கிப் பார்த்து, "யாருங்க இது, பாட்டுக்காரருங்களா?" என்றார். நான் விளக்கினேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "சரி, தாடி பிரிண்ட்டு ஒதறாம வருதான்னு பாருங்க." அவர் பூஜை அறைக்குப் பக்கத்து கோடவுனில் பெட்டி பெட்டியாகப் புரட்சி அடுக்கியிருந்தது. இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? புரட்சித் தலைவர், புரட்சித் தலைவி, புரட்சிக் கலைஞர், புரட்சித் தமிழன், புரட்சித் தளபதி என்று பட்டங்கள் வந்த மாநிலத்தில் அந்தச் சொல்லுக்கு வெறும் பெயரடையாக இருந்தே பழகிவிட்டது.

எங்கள் ஊர்க் காதர்பேட்டையில் விற்கும் சர்ப்ளஸ் சரக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது. வெளிநாட்டுக்காரன் அதிர்ச்சி கொடுக்க எழுதிய வாசகங்கள் டேமேஜ் பீஸாக இங்கேயே தங்கிவிடும். லண்டன் கம்பெனி ஒன்று தன் பெயரின் முதலெழுத்துகளையே கெட்ட வார்த்தை போலத் தெரியும்படி போட்டுத் தொண்ணூறுகளில் அங்கே பெரிய முகச்சுளிப்பைக் கிளப்பியது. அந்த நான்கு எழுத்தை மார்பில் தாங்கிக்கொண்டு, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் மாரியம்மன் கோயிலில் பூவோடு எடுத்தார். அம்மனுக்கும் அவருக்கும் நடுவில் எந்தச் சங்கடமும் நேரவில்லை. இங்கிலீஷ் தெரிந்த நாங்கள் சிலர்தான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றோம்.

பேரன் சட்டைக்கு வருகிறேன். அதைத் தைத்த சிறு கம்பெனிக்கு ஒரு நாள் கணக்குப் பார்க்கப் போயிருந்தேன். மிஷினில் உட்கார்ந்திருந்த பையன்கள் பெரும்பாலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். ஒருவன் சட்டையை விரித்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று சூப்பர்வைசரிடம் கேட்டான். மதுரைப் பக்கத்து ஆளான அவர், பிசிறில்லாத இந்தியில், எங்களுக்கு இந்தி தெரியாது என்று எழுதியிருப்பதாக விளக்கினார். பையன் சிரித்தான். 'போடா'வை அவர் மொழிபெயர்க்கவில்லை, தேவையும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர்கள் கற்றுக்கொள்ளும் முதல் தமிழ்ச் சொல் அதுதான். எங்கள் 'ங்க' அவர்கள் பக்கம் போய்ச் சேருவதில்லை. என் மனைவி சொன்னது வெறும் அசட்டு வார்த்தை அல்ல என்று அப்போதுதான் பட்டது. தில்லியைப் பார்த்துச் சொன்ன 'போடா' தில்லிக்குப் போகவில்லை. கூலிக்கு வந்த பையன் பக்கத்தில் நின்றுவிட்டது.

2023 மார்ச்சில் அது விளையாட்டாக இல்லாமல் போனது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அவர்கள் போனுக்கு வந்தன. ஹோலியும் நெருங்கியிருந்தது. ஸ்டேஷனில் மூட்டை முடிச்சோடு கூட்டம். காவல்துறை வதந்தி என்று மறுத்தது. பீகார் அரசு அனுப்பிய அதிகாரிகள் குழு திருப்பூர் வரை வந்து பார்த்துவிட்டுப் போனது. 1965இல் தார் பூசிய அதே ஸ்டேஷனில் அன்று பயந்து நின்றவர்கள், நாங்கள் பூசி மறைத்த எழுத்தை மட்டுமே வாசிக்கத் தெரிந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் எவனாவது பேரனின் சட்டையைப் போட்டு நடந்திருந்தால் அதை நகைச்சுவை என்று யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். நல்லவேளை, பேரன் அதற்குள் வேறு வாசகத்துக்கு மாறியிருந்தான்.

இப்போது மே தின ஊர்வலத்தில் வடநாட்டுப் பையன்களும் வருகிறார்கள். 'ஜிந்தாபாத்' எங்கள் ஊரில் முதல் முறையாகச் சரியான உச்சரிப்போடு கேட்கிறது. தார் பூசிய என் நண்பன் முட்டிவலியோடு ஊர்வலத்தின் கடைசியில் நடந்து வந்தான். பழையபடி 'சிந்தாபாத்' என்றான். சங்கத்து நோட்டீஸ் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் இந்தியிலும் அச்சாகியிருந்தது. இரண்டு பக்கத்திலும் முதல் கோரிக்கை பஞ்சப்படி.