ஞாயிற்றுக்கிழமை நளன்

பணி ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் இவருக்குச் சமையல் வரும். முதல் மாதம் பென்ஷன் காகிதங்களோடு போய்விடும். இரண்டாம் மாதம் வீட்டுக் குழாய்களையும் சுவிட்சுகளையும் தானே பழுது பார்ப்பார். அவர் பழுது பார்த்ததைச் சரிசெய்ய ஆள் வருவார். அதற்கப்புறம் மிச்சமிருப்பது அடுப்படி ஒன்றுதான். வங்கியில் தணிக்கை அதிகாரியாக இருந்தவர் என்றால் இன்னும் விசேஷம். அஞ்சறைப் பெட்டியைத் திறந்ததுமே, "கடுகுக்குள்ள சீரகம் எப்படி வந்துச்சு?" என்று விசாரணை ஆரம்பமாகும். 30 வருஷமாக அது அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது என்பதைப் பதிலாக ஏற்க மாட்டார்.

மதுரையில் இவரைப் பார்ப்பது சுலபம். ஞாயிறு விடிகாலை அண்ணா நகர் உழவர் சந்தையில் மஞ்சப்பையோடு நிற்பார். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் இங்கேதான் திறக்கப்பட்டது என்று கத்தரிக்காய் விற்கும் அம்மாவுக்கு எடுத்துச் சொல்வார். "கிலோவா, அரைக்கிலோவா?" என்பார் அந்த அம்மா. இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைக்குமா என்று அடுத்து கேட்பார். அது வேலூர்ப் பக்கத்துச் சரக்கு, புவிசார் குறியீடு வாங்கியது, இங்கே வராது என்ற பதிலையும் அவரே சொல்லிவிடுவார். கடைசியில் எல்லோரும் வாங்கும் காயைத்தான் வாங்குவார், ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்து. வீட்டில் அறுத்தால் பாதியில் புழு இருக்கும்.

பொரியல், ரசம் மாதிரி சில்லறை வேலைகளில் இவர் இறங்குவதில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு, வத்தக்குழம்பு, அவியல் என்று பேர் சொல்லும் ஐட்டங்கள்தான். தினமும் வைக்கிற பருப்பும் கீரையும் வீட்டம்மாவின் இலாகா.

செய்முறைக்கு இரண்டு ஆதாரங்கள் வைத்திருப்பார். ஒன்று, எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951இல் வெளிவந்த 'சமைத்துப் பார்'. மனைவிக்குக் கல்யாணத்தில் வந்த பிரதி. அந்த அம்மா முதல் வருஷத்தோடு மூடி வைத்துவிட்டார். இவர் இப்போது சுற்றறிக்கை மாதிரி அடிக்கோடு போட்டுப் படிக்கிறார். இன்னொன்று இவருடைய தாயாரின் நோட்டு. தொல்லையே அதில்தான். 'எலுமிச்சை அளவு புளி' என்று எழுதியிருக்கிறது. எந்த எலுமிச்சை? வீட்டிலிருக்கும் எலுமிச்சம்பழங்களை எல்லாம் டிஜிட்டல் தராசில் வைத்து சராசரி எடுப்பார். "அப்பா, அளவுன்னா பருமன், எடை இல்ல" என்று மகள் சொல்வாள். உடனே பழத்தைத் தண்ணீரில் முக்கி எத்தனை மில்லி ஏறுகிறது என்று பார்ப்பார். இதற்குள் மணி பத்தாகிவிடும். அடுப்பு இன்னும் பற்றியிருக்காது.

விஞ்ஞானம் இவருடைய பலம். புளி ஊற்றிவிட்டால் காய் சீக்கிரம் வேகாது, அமிலம் காயை இளக விடாது, அதனால் எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கிவிட்டுத்தான் புளித்தண்ணீர் விட வேண்டும். இதைப் படித்தறிந்த அன்று மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினார். அந்த அம்மா கல்யாணமான நாளிலிருந்து வதக்கிவிட்டுத்தான் புளி விடுகிறார். காரணம் என்னவென்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"இன்னிக்கு நீ ரெஸ்ட் எடு" என்று மனைவியிடம் அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போவார். சின்ன வெங்காயம் உரிப்பது ரெஸ்ட்டில் சேர்த்தி. தேங்காய் துருவுவதும் அப்படியே. வறுத்த மல்லியையும் வெந்தயத்தையும் மிக்ஸியில் போட்டால் சூடேறி மணம் போய்விடும் என்று பால்கனியில் கிடக்கும் அம்மியைக் கழுவச் சொல்வார். நாலு இழுப்பு இழுத்ததும், மிளகாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த சரக்கு, அதற்கு முன்னால் நம் குழம்புக்குக் காரம் தந்தது மிளகுதான் என்று நிமிர்ந்து நின்று சொல்வார். "அப்ப மிச்சத்த அவங்கள வந்து அரைக்கச் சொல்லுங்க" என்று கூடத்திலிருந்து பதில் வரும். அம்மி அரைத்தது எவ்வளவு, மிக்ஸி அரைத்தது எவ்வளவு என்பது குடும்ப ரகசியம்.

தாளிக்கும் நேரத்தில்தான் இவருக்குப் பேச்சு பெருகும். பெருங்காயத்தைக் கையில் எடுப்பார். இது ஆப்கானிஸ்தானிலும் ஈரானிலும் விளையும் ஒரு செடியின் வேர்ப்பால், கடையில் வாங்கும் தூளில் பாதிக்குமேல் மாவுதான், இந்தியாவில் 2020இல்தான் இமாசலப் பிரதேசத்து லாஹூல் பள்ளத்தாக்கில் நட்டுப் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். லாஹூலிலிருந்து இவர் திரும்புவதற்குள் கடுகு கருகிவிடும். எதிர் வீட்டில் இருமுவார்கள். "ஏங்க, சன்னலத் திறங்க!" என்று மனைவி ஓடி வருவார். இவர் அசர மாட்டார்: "அந்தக் காலத்து விறகடுப்பு மணம் இப்படித்தான் இருக்கும்."

பெரிய ஓட்டல்களின் சமையல்கட்டில் கேட்காத அதட்டல் எல்லாம் இங்கே கேட்கும். "இந்தாம்மா, அந்த நீளக் கரண்டி எங்க?" "கல்லுப்பு எந்த டப்பாவுல?" "அடுப்ப சிம்முல வைக்கவா?" உட்கார்வதும் எழுந்திருப்பதுமாக ரெஸ்ட் நடக்கும். ஒரு வழியாகக் குழம்பு சுண்டி, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். அப்போதுதான் ஞாபகம் வரும்: "ஆமா, சாதம்?" சாதம் 12 மணிக்கே வடித்து மூடி வைத்தாயிற்று. வடித்தவர் பெயர் எங்கும் வராது.

சாப்பிடுவதற்கு முன் போட்டோ. மகன் சென்னையில் ஏர் பிரையரில் உருளைக்கிழங்கு செய்து படம் போடுகிற சின்ன நளன்; அவன் முதலில் கட்டைவிரல் காட்டுவான். அடுத்து திருநெல்வேலித் தங்கை, "அண்ணன் கைப்பக்குவம் அப்படியே நம்ம அம்மா!" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுவாள். மாலைவரை பாராட்டு வந்துகொண்டே இருக்கும். நாள் தவறாமல் மூன்று வேளை சமைக்கும் அண்ணியின் குழம்பு ஒருநாளும் அந்தக் குழுவில் ஏறியதில்லை. அவர் அப்போது தொட்டி நிறையக் கிடக்கும் வாணலிகளையும், ஒவ்வொரு மசாலாவுக்கும் ஒன்று என்று எடுக்கப்பட்ட கிண்ணங்களையும், எலுமிச்சம்பழம் குளித்த டம்ளரையும் தேய்த்துக்கொண்டிருப்பார். 'நான்தான் சமைச்சேனே' என்பது நளனின் கட்சி. சமைப்பவர் கழுவுவதில்லை என்ற விதி வாரத்தின் மற்ற ஆறு நாளும் அந்த வீட்டில் அமலில் இல்லை.

குழம்பு எப்படித்தான் இருக்கும்? உள்ளதைச் சொல்ல வேண்டும்: நன்றாகவே இருக்கும். கால் லிட்டர் செக்கு நல்லெண்ணெயும், உரித்துத் தர ஒருவரும், கழுவி வைக்க ஒருவரும், முழுசாக ஒரு பொழுதும் கிடைத்தால் யார் வைத்தாலும் நன்றாகத்தான் இருக்கும். உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டால் தட்டாமல் போய் வாருங்கள். பதினொரு மணிக்கு வீட்டிலேயே நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. இலையில் உட்கார்ந்ததும், பரிமாறும் அம்மாவிடம் ரசம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேளுங்கள். இருக்கும்.